பசியோடு போராடாமல் எடையைக் குறைக்க: சேலத்துச் சமையலறைக்கான நார்ச்சத்து வழிகாட்டி

சேலம், ஆத்தூர் வட்டாரங்களில் மரவள்ளிக்கிழங்கு ஜவ்வரிசியாக மாறும் ஆலைகளைப் பார்த்தவர்களுக்கு நார்ச்சத்து எது என்பதை விளக்க வேண்டியதில்லை. கிழங்கைத் தோலுரித்து அரைத்து, தண்ணீர் விட்டு அலசிச் சல்லடையில் வடிக்கிறார்கள். கீழே இறங்கும் வெண்ணிறப் பால் தொட்டியில் படிந்து மாவாகிறது. அந்த மாவே உருண்டையாகி, வறுபட்டு, வெயிலில் காய்ந்து, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசியாக வெளியேறுகிறது. சல்லடையின் மேல் தங்கும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். கிழங்கின் நாரில் பெரும்பகுதி அந்தத் திப்பியில்தான் இருக்கிறது. அது காய்ந்து மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது.

நெல் பளபளக்கத் தீட்டப்படும்போதும், கோதுமை மைதாவாகும்போதும், பழம் சாறாகும்போதும் நடப்பது இதுவேதான். மாவும் சர்க்கரையும் நம் தட்டுக்கு வருகின்றன. அவற்றை மெதுவாகச் செரிக்க வைத்து, வயிறு நிறைந்த உணர்வைத் தரக்கூடிய நார் வேறெங்கோ போய்விடுகிறது. எடை குறைக்க முயன்று தோற்றவர்களில் பலர் மன உறுதி இல்லாதவர்கள் அல்லர் என்பதே என் உறுதியான எண்ணம். சோற்றைக் குறைத்தவர்கள், குறைத்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் பசி திரும்பி வந்து, விட்டதைப் பிடித்துக்கொண்டது. அந்த வெற்றிடத்தை எதைக் கொண்டு, எந்த அளவில், எந்த வரிசையில் நிரப்புவது என்பதையே இந்த வழிகாட்டி கூறுகிறது.

நார் பசியை அடக்கும் விதம்

நார்ச்சத்து என்பது நம் சிறுகுடலில் செரிக்காத தாவரப் பகுதி. அது பசியின் மீது மூன்று இடங்களில் செயல்படுகிறது.

முதலாவது வாய். நாருள்ள உணவை மெல்ல நேரமாகும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர ஏறத்தாழ இருபது நிமிடம் தேவைப்படுவதால், மெல்லும் நேரம் நீளும்போது உண்ணும் அளவு தானாகக் குறைகிறது. 1977-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர ஆய்வாளர்கள் ஆப்பிளை முழுப்பழமாகவும், மசித்த கூழாகவும், வடித்த சாறாகவும் பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்த்தனர். சாறு, முழுப்பழத்தைவிடப் பதினொரு மடங்கு வேகமாக உள்ளே போனது. ஆனால் முழுப்பழம் தந்த நிறைவை அது தரவில்லை. கோடையில் மாம்பழச் சாறு குடித்துவிட்டு அடுத்த அரை மணி நேரத்தில் முறுக்குக்குக் கை நீட்டுவதன் காரணம் இங்கே இருக்கிறது.

இரண்டாவது இரைப்பை. ஓட்ஸ், வெந்தயம், கொத்தவரை விதை, இசப்கோல் உமி போன்றவற்றில் உள்ள கரையும் நார் தண்ணீரை இழுத்துக் கொழகொழப்பான கூழாகி, உணவு இரைப்பையிலிருந்து இறங்கும் வேகத்தைக் குறைக்கிறது. சர்க்கரை இரத்தத்தில் சட்டென ஏறி விழுவதும் மட்டுப்படுகிறது. காய்கறித் தோலிலும் தவிட்டிலும் உள்ள கரையாத நார் பருமனைக் கூட்டுகிறது; இரைப்பைச் சுவர் விரிந்து, அந்த விரிவை நரம்புகள் மூளைக்குச் சொல்கின்றன. வயிறு கலோரியை அளந்து நிறைவதில்லை, பருமனைக் கொண்டே முதலில் நிறைகிறது என்பதால், 100 கிராமில் சுமார் 130 கலோரி உள்ள சோற்றின் ஒரு பங்கை, 30 கலோரி அளவே உள்ள காயைக் கொண்டு மாற்றும்போது வயிறு ஏமாற்றப்படுவதில்லை.

மூன்றாவது பெருங்குடல். அங்கே வாழும் நுண்ணுயிரிகள் நாரை நொதிக்க வைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அவை குடற்சுவரிலிருந்து ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்னும் பசியடக்கும் ஹார்மோன்கள் சுரக்கத் தூண்டுகின்றன. இன்று பெரிதும் பேசப்படும் எடைக் குறைப்பு ஊசிகள் இந்த ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போலச் செயல்படுபவையே. ஆனால் நார் தூண்டும் சுரப்பு, ஊசியின் விளைவோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குச் சிறியது. கொள்ளு ரசத்தை ஊசிக்கு மாற்றாக விளம்பரப்படுத்துபவர்களை நம்ப வேண்டாம்.

தொடங்கும் முன்

குடல் அடைப்போ குடல் சுருக்கமோ இருந்தவர்கள், குடல் அழற்சி நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், வயிற்றிலோ குடலிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், உண்பதை வலிந்து தவிர்க்கும் மனநிலையால் முன்பு துன்பப்பட்டவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. சிறுநீரக நோயாளிகளுக்குக் கீரை, பயறு, பழம் ஆகியவற்றின் பொட்டாசியம் தனியாகக் கணக்கிடப்பட வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுப்பவர்கள் சோற்றைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை இறங்கிவிடலாம்; மருந்தின் அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். முயற்சி எதுவும் இல்லாமலே எடை குறைந்துகொண்டு வந்தால் உணவுமுறை பற்றிப் படிப்பதை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குச் செல்லுங்கள்.

எடை குறைக்க வேண்டியது உண்மையில் தேவையா என்பதையும் அளந்து பாருங்கள். நம்மவர்களுக்கு உடல் நிறைக் குறியீடு (கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண்) 23-ஐத் தாண்டினால் கூடுதல் எடை என்றும், 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்றும் கொள்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும்.

முதற்படி: ஒரு வாரம் எழுதிப் பார்த்தல்

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். உண்டது, உண்ட நேரம், உண்பதற்கு முன் பசி எப்படி இருந்தது என்ற மூன்றை மட்டும் ஒரு நோட்டில் குறியுங்கள். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பற்றவைப்பவரும் தறியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவரும் எழுதினால், சோற்றைவிடத் தேநீர்தான் அதிக வரிகளை அடைத்திருக்கக் காணலாம். ஒரு தேநீருக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால், நான்கு தேநீரில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 160 கலோரி நாரே இல்லாமல் உள்ளே போகிறது. பசி எந்த மணிக்குக் கடுமையாகிறது என்பது இந்த நோட்டிலிருந்துதான் தெரியும். அடுத்த படிகளை அந்த மணியிலிருந்து தொடங்குவது நல்லது.

இரண்டாம் படி: இலக்கைக் கணக்கிடுதல்

உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட பரிந்துரை, பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் என்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரி உணவுக்கு 30 கிராம் என வகுத்திருக்கிறது. நான் 30-ஐ இலக்காக வைக்கச் சொல்வேன்.

அந்த நிறுவனமே 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள்களின் அட்டவணையைப் பார்த்தால், சமைக்காத நிலையில் 100 கிராம் எடைக்குத் தீட்டிய பச்சரிசியில் ஏறத்தாழ 3 கிராம், சாமையில் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு, சோளத்தில் 10, கேழ்வரகிலும் கம்பிலும் கோதுமை மாவிலும் 11 கிராம் அளவுக்கு நார் இருக்கிறது. முழுப் பச்சைப்பயறு 17 கிராம், முழுக் கொண்டைக்கடலை 25 கிராம். முருங்கைக்கீரையும் கொய்யாவும் 8 கிராமைத் தொடுகின்றன.

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியை வைத்துக்கொண்டு கொள்ளையே நாரின் தலைவனாக நினைப்பவர்கள் நம் பக்கம் மிகுதி. அதே அட்டவணையில் கொள்ளின் நார் 8 கிராம் அளவுதான், பச்சைப்பயற்றில் பாதி. இதனால் கொள்ளைக் கைவிட வேண்டியதில்லை. அதில் 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, புரதமும் பசியை அடக்கும், கொள்ளுப் பருப்புக் கடைசலோடு சோறு குறைவாகவே இறங்கும் என்பதும் உண்மை. கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்ற பேச்சை மட்டும் விட்டுவிடலாம்.

ஒரு நாளைக் கூட்டிப் பார்ப்போம். பச்சைப்பயறு 40 கிராம், அதில் 7 கிராம் நார்; கொத்தவரங்காய் 100 கிராம், 5; தண்டுக்கீரை அல்லது சிறுகீரை 100 கிராம், 4; நடுத்தரக் கொய்யா ஒன்று, 8; இரவில் இரண்டு சப்பாத்திக்கான 50 கிராம் கோதுமை மாவு, 5 கிராமுக்கு மேல். மதியச் சோற்றையும் சாம்பார்ப் பருப்பையும் சேர்க்காமலே 30-ஐ நெருங்கிவிட்டோம். இவற்றில் விலை மிகுந்த பொருள் எதுவும் இல்லை. சூரமங்கலம், அம்மாபேட்டை உழவர் சந்தைகளில் காலையில் ஒரு பையோடு போய்வந்தால் கீரையும் காயும் முடிந்துவிடும், பயறும் தானியமும் லீ பஜாரில் மாதத்துக்கு ஒருமுறை வாங்கி வைத்தால் போதும்.

மூன்றாம் படி: மதியத் தட்டை மாற்றி அமைத்தல்

இந்த முறையின் இதயம் மதிய உணவுதான். ஒரு படியை மட்டுமே பின்பற்ற முடியும் என்பவர்கள் இதைப் பின்பற்றுங்கள்.

வழக்கமாக நாம் சோற்றை நடுவில் குவித்து, பொரியலை ஓரத்தில் ஒரு கரண்டி வைக்கிறோம். பரிமாறும் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் தட்டின் பாதியைக் காயும் கீரையும் நிரப்பட்டும். கால் பங்கில் பயறோ பருப்புக் கடைசலோ, முட்டையோ மீனோ. எஞ்சிய கால் பங்கில் சோறு. உண்ணும் வரிசையும் இதுவே. காயில் பாதியை முதலில் தனியாக மென்று தின்றுவிட்டு, பிறகு சோற்றைப் பிசையுங்கள். காயையும் புரதத்தையும் முதலில் உண்டு மாவுச்சத்தைக் கடைசியில் உண்ணும்போது, உணவுக்குப் பின் ஏறும் இரத்தச் சர்க்கரை குறைவாக இருப்பதைச் சர்க்கரை நோயாளிகளிடம் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். நார் நல்லது என்று கேள்விப்பட்டு, பழைய அளவுச் சோற்றின் மேல் சுண்டலையும் பழத்தையும் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். மலச்சிக்கல் தீரும், எடை இறங்காது. நார் தானாக எடையைக் குறைப்பதில்லை, குறைந்த சோற்றைத் தாங்கிக்கொள்ள வயிற்றுக்கு உதவுகிறது. ஆகவே சேர்ப்பதற்கு ஈடாக ஒன்றை எடுத்தாக வேண்டும். மதியத்துக்கு 150 கிராம் அரிசி வடித்து உண்பவர் அதை 100 கிராமாகக் குறைத்தால் சுமார் 175 கலோரி குறைகிறது. அந்த இடத்தில் வைக்கும் 150 கிராம் கொத்தவரையோ புடலையோ அவரையோ கொண்டுவருவது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவோ அதற்கும் குறைவோதான். ஆனால் பொரியலில் ஒரு குழிக்கரண்டி எண்ணெயும் அரை மூடித் தேங்காயும் போனால் இந்த லாபம் முழுவதும் அங்கேயே கரைந்துவிடும். நான்கு பேருக்கான பொரியலுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அலங்காரத்துக்கு மட்டும் தேங்காய் என்பது நான் பரிந்துரைக்கும் எல்லை.

சோற்றுக்கு மாற்றாகச் சிறுதானியம் உண்பவர்கள் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். சேர்வராயன் மலையிலும் கல்வராயன் மலையிலும் சாமை நெடுங்காலமாக மலைமக்களின் உணவு. ஆனால் பெரிய கடைகளின் அலமாரியில் வெள்ளை வெளேரென்று மின்னும் சாமை, தவிடு முழுதும் தீட்டப்பட்டது, அரிசியிலிருந்து அதிகம் வேறுபடாதது. மங்கலான பழுப்பு நிறத்தில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கேழ்வரகில் இந்தச் சிக்கல் இல்லை. அதன் தோல் மணியோடு இறுக ஒட்டியிருப்பதால் முழுதாகவே மாவாகிறது. சலிக்காத கேழ்வரகு மாவில் கிண்டிய களி உருண்டை ஒன்று, அதற்குக் கீரைக் கடைசல் என்ற நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு இணையாகப் பல மணி நேரம் பசி தாங்கக்கூடிய எளிய மதிய உணவை நான் அறியேன். அதே மாவைப் பால் விட்டு நாட்டுச்சர்க்கரை போட்டுக் கஞ்சியாகக் குடித்தால் மெல்லும் வேலையும் போய், சர்க்கரையும் சேர்ந்துவிடுகிறது.

பழைய சோறு பற்றி அடிக்கடி கேட்கப்படுகிறது. ஆறிய சோற்றில் மாவின் ஒரு சிறு பகுதி செரிக்காத மாவாக மாறி நாரைப் போல் செயல்படுவது உண்மை. சிறு பகுதிதான், அளவை மறக்கச் சொல்லும் காரணமாக அதைக் கொள்ளக் கூடாது.

நான்காம் படி: காலையும் இரவும்

காலையில் இட்லியை நிறுத்த வேண்டாம். மாவு அரைக்கும்போது வெள்ளை உளுந்துக்குப் பதிலாகத் தோலுடன் கூடிய கறுப்பு உளுந்தை ஊறவைத்து, தோலைக் கழுவி நீக்காமல் அரையுங்கள். இட்லி சற்றே நிறம் மங்கும், நார் கூடும். நான்கு இட்லி உண்பவர் மூன்றாகக் குறைத்து, முருங்கைக்காயும் அரசாணிக்காயும் (பறங்கிக்காய்) கத்தரிக்காயும் நிறையப் போட்ட சாம்பாரை ஒரு கிண்ணம் எடுத்துக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு நாள் சோள தோசையோ பச்சைப்பயறு அடையோ இருக்கட்டும்.

இரவு உணவு எட்டு மணிக்குள் முடிந்தால் நல்லது. சப்பாத்தி என்றால் சலிக்காத மாவு. மைதா பரோட்டாவுக்கு இந்தத் திட்டத்தில் வழக்கமான இடம் கிடையாது. ஜவ்வரிசி உப்புமாவும் பாயசமும் நம் ஊர்ப் பெருமைதான் என்றாலும், விரத நாளிலோ விசேஷத்திலோ உண்ணும்போது கூடவே வேர்க்கடலையும் காய்களும் சேர்த்து, அளவைச் சிறு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஜவ்வரிசியில் பசியைத் தாங்கும் நார் மிக மிகக் குறைவு.

ஐந்தாம் படி: மாலை நான்கு மணி

நோட்டில் எழுதிப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்குத் திட்டம் உடைவது மாலையில்தான். இந்த நேரத்துக்கு உரிய உணவைக் காலையிலேயே முடிவுசெய்து கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்; பசி வந்தபின் முடிவெடுத்தால் கடைத்தெரு வெல்லும். கொய்யா மிகச் சிறந்தது. விதையோடு மென்று தின்னுங்கள். ஒரு கிண்ணம் அவித்த தட்டைப்பயறு அல்லது கொண்டைக்கடலைச் சுண்டலும் அதற்கு இணையானது. ஏற்காட்டிலிருந்து வரும் கமலா ஆரஞ்சைச் சுளையாக உண்ணலாம். பேரிக்காயைத் தோலோடு கடிக்கலாம். அங்கே விளையும் வெண்ணெய்ப் பழத்தில் நார் மிகுதி என்பதால் அதைக் கணக்கின்றி உண்பவர்கள் உண்டு. 100 கிராமில் 160 கலோரி இருப்பதால் அரைப் பழம் போதும். கோடையில் மல்கோவாவும் சேலம் குண்டும் வந்துவிட்டால் அன்றைய மாலை உணவே ஒரு சிறு மாம்பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சுண்டலோடு சேர்த்து அல்ல.

தட்டுவடை செட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சேலத்துக்காரர்கள் ஒப்ப மாட்டார்கள். துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் நார் தருபவையே. அவற்றை ஏந்தி நிற்கும் தட்டுவடை எண்ணெயில் பொரித்தது. வாரத்தில் ஒரு நாள், கொய்யா தின்று அரை மணி கழித்து, ஒரே ஒரு பிளேட் என்றால் திட்டம் கெடாது.

ஆறாம் படி: மெதுவாக ஏற்றுதலும் தண்ணீரும்

இன்று 15 கிராம் உண்பவர் நாளையே 30-க்குத் தாவினால் வயிறு உப்பும், வாயு தொல்லை தரும், மூன்றாம் நாள் கைவிட்டுவிடுவார். வாரத்துக்கு 5 கிராம் வீதம் ஏற்றுங்கள். குடல் நுண்ணுயிரிகள் பழகிக்கொள்ள அந்த அவகாசம் தேவை. பயறு வகைகளை இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவைத்தால் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி நீங்கிவிடும். தாகத்துக்கு ஏற்பத் தண்ணீர் குடிப்பதோடு ஒவ்வொரு உணவோடும் ஒரு தம்ளர் கூடுதலாகச் சேருங்கள். தண்ணீர் இல்லாத நார் மலச்சிக்கலைத் தீர்ப்பதற்குப் பதிலாக வளர்க்கும்.

பொடியும் பிஸ்கட்டும்

இசப்கோல் உமியைப் பயன்படுத்துவோர் ஒரு தேக்கரண்டியை ஒரு பெரிய தம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். உலர்ந்த நிலையில் விழுங்கினால் தொண்டையில் உப்பி அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு, விழுங்கச் சிரமப்படும் முதியோருக்கு இது கூடவே கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் இந்தப் பொடிக்கும் நான்கு மணி நேர இடைவெளியும், மற்ற மருந்துகளுக்கு இரண்டு மணி நேர இடைவெளியும் விடுங்கள். நார் மிகுந்தது என்று அட்டையில் அச்சிட்ட பிஸ்கட்டுக்கு இந்தியச் சட்டம் கேட்பது 100 கிராமுக்கு 6 கிராம் நார் மட்டுமே. அந்த அளவை ஒரு கைப்பிடிப் பயறு எளிதில் தாண்டிவிடும், சர்க்கரையும் கொழுப்பும் இல்லாமல்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 240 பேரிடம் செய்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 30 கிராம் நார் உண்ணுங்கள் என்ற ஒரே அறிவுரை தரப்பட்டது. மற்றவர்களுக்கு விரிவான உணவு விதிகள் பல தரப்பட்டன. ஓராண்டு முடிவில் முதல் பிரிவினர் சராசரியாக 2.1 கிலோவும், இரண்டாம் பிரிவினர் 2.7 கிலோவும் குறைந்திருந்தனர். ஒரே விதி, பல விதிகளுக்கு இவ்வளவு அருகில் வந்தது எனக்கு நம்பிக்கை அளிக்கிறது. நார் மட்டும் பத்துக் கிலோவை இறக்காது என்பதும் இதிலிருந்தே தெளிவாகிறது. சோற்றின் அளவும், எண்ணெயும், தேநீர்ச் சர்க்கரையும் சேர்ந்து குறையும்போதும், நாள்தோறும் நடக்கும்போதும், இரவில் போதிய உறக்கம் இருக்கும்போதும் இந்தக் கணக்கு மேம்படும். உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது. இரவுப் பணி செய்பவர்கள் பகல் உறக்கத்தை உணவுக்கு நிகராகக் காக்க வேண்டும்.

எடையை வாரத்துக்கு ஒருமுறை, காலைக்கடன் முடித்தபின், அதே தராசில் பாருங்கள். இடுப்பை மாதத்துக்கு ஒருமுறை அளக்கவும். மூன்று, நான்கு மாதங்களில் எடை ஓரிடத்தில் நின்றுவிடுவது இயல்பு. அப்போது நாரை 50 கிராமுக்கு ஏற்ற முனையாமல், முதல் வாரத்து நோட்டை மீண்டும் திறந்து ஒரு வாரம் எழுதுங்கள். பெரும்பாலும் சோற்றுக் கரண்டி மெல்ல மெல்லப் பழைய அளவுக்குத் திரும்பியிருக்கும், அல்லது பொரியலின் எண்ணெய் கூடியிருக்கும். அவற்றைச் சரிசெய்து ஆறு வாரம் கழித்தும் அசைவில்லை என்றால், அரசு மருத்துவமனையிலோ உங்கள் மருத்துவரிடமோ தைராய்டு, இரத்தச் சர்க்கரைப் பரிசோதனைகளைச் செய்துகொண்டு, எழுதிய நோட்டை அவரிடம் காட்டுங்கள்.